மூடியை அடைத்தது குற்றமா?

1. இரண்டு வார்த்தை

“யூசர் மிஸ்ஹேண்ட்லிங்.” சர்வீஸ் ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தில் எங்கள் மேனேஜர் பரமசிவன் சார் எழுதிய இரண்டு வார்த்தை இவை. மெஷினில் குறை இல்லை, வைத்திருந்தவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். வைத்திருந்தவள் பெயர் செல்வமேரி. தாளை என் மேஜைமேல் போட்டு, “இத டைப் பண்ணி டிரஸ்டுக்கு அனுப்பிரு லலிதா” என்று சொல்லிவிட்டு அவர் சாயா குடிக்கப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டிருப்பேன். கிழித்தால் இன்னொரு தாளில் எழுதுவார். அதனால் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

நான் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சாதித்ததைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தத் தாள்தான். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறினபின் எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுப்பகுதி. எங்கள் கம்பெனி பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. திருவனந்தபுரத்து ஆபீஸ்கள் விண்டோஸை விட்டு இலவசமான லினக்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த சமயம். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்களை விற்பதும் பராமரிப்பதும் எங்கள் தொழில். பரமசிவன் சார் திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து பாதி ஆயுள் ஆகியிருந்தது. எந்த ஆர்டரும் வெளியே போகுமுன் கீழே இறங்கிக் கணபதி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் உடைத்திருக்கிறேன். ஆனால் தேங்காய் உடைத்தபின் மெஷின் கெட்டால் அது வாங்கியவர் கைக்கோளாறு என்று அவர் உறுதியாக நம்பினார். அதுதான் சங்கடம்.

விதுராவுக்கு மேலே மலையிலுள்ள குடியிருப்புகளில் ஒரு டிரஸ்ட் சுகாதார சர்வே நடத்தியது. அதற்கான லேப்டாப்களை நாங்கள் கொடுத்தோம். சர்வே ஆட்கள் வீடு வீடாகப் போய், வீட்டார் முன்னிலையில் கேள்விகள் கேட்டு, பதில்களை அங்கேயே லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். மேலே பல இடங்களில் கரண்ட் கிடையாது. காலையில் சார்ஜ் செய்தது சாயங்காலம்வரை வர வேண்டும். ஆகவே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மூடியை அடைத்தால் மெஷின் தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படியே எழுதியிருந்தது.

2. தூங்கும், எழுந்திருக்காது

இன்றைய பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியாது. மூடினால் தூங்குகிறது, திறந்தால் விழிக்கிறது, மின்விசிறி ஸ்விட்ச் மாதிரி. அன்றைக்கு லினக்ஸ் லேப்டாப்பைத் தூங்க வைப்பது எளிது, எழுப்புவதுதான் பாடு.

ஐகான்களும் மெனுவும் கொண்ட டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் எழுத்துத் திரையில் இருந்துகொண்டு, தூங்கச் சொல்லும் சஸ்பெண்ட் கட்டளை கொடுத்தால் சொன்னபடி தூங்கி, சொன்னபடி எழுந்தது. டெஸ்க்டாப்பில் மெனுவைத் தொட்டு சஸ்பெண்ட் கொடுத்தால் தூங்கும். எழுப்பினால் உள்ளே ஃபேன் சுற்றும், டிஸ்க் விளக்கு மினுங்கும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். ஆள் விழித்துவிட்டார், கண்ணைத் திறக்கவில்லை. திரையை ஓட்டும் வீடியோ கார்டை மறுபடி தயார்படுத்த வேண்டியவர் யார் என்பதில் லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கும் டெஸ்க்டாப்புக்கும் தகராறு. இது உன் வேலை என்று அதுவும், உன் வேலை என்று இதுவும் ஒதுங்கிக்கொண்டன. எங்கள் ஆபீசைப் பார்த்துக் கற்றுக்கொண்டன என்று நான் சொல்வதுண்டு.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தூங்குவதற்கு முன் டெஸ்க்டாப்பிலிருந்து எழுத்துத் திரைக்குத் தாவ வேண்டும். வீடியோ கார்டின் நிலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தூக்கம். விழித்ததும் எழுதி வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்பி வர வேண்டும். மூடியை அடைத்தால் டெஸ்க்டாப் ஓட்டும் கட்டளை வரிசையிலேயே, அதாவது ஸ்கிரிப்டிலேயே, இந்த வரிகளைச் சேர்த்தேன். மெனுவிலிருந்து தூங்க வைத்துப் பார்த்தோம், மூடியை அடைத்துவிட்டு சாப்பிடப் போய்வந்து திறந்து பார்த்தோம். எத்தனை முறை செய்தாலும் எழுந்தது. பரமசிவன் சாரும் அதே மாடல் லேப்டாப் ஒன்றை, அதே ஸ்கிரிப்டோடு, தமக்கென்று எடுத்துக்கொண்டார். தேங்காய் உடைத்தார். லேப்டாப்கள் விதுரா போயின.

3. மெஷினை மாற்றியாச்சு, ஆள் மாறவில்லை

முதல் புகார் செல்வமேரியிடமிருந்து. வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது, எந்த பட்டனைத் தொட்டாலும் அசைவில்லை, பவர் பட்டனை அமுக்கினால் மொத்தமும் அணைந்துபோய் அந்த வீட்டுப் படிவம் அழிந்துவிடுகிறது. படிவத்தைப் பாதியில் சேவ் செய்ய வழியில்லை. அதைத் தயாரித்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களிடம் நான் போட்ட சண்டை தனிக்கதை.

வேறு மெஷின் அனுப்பினோம். அதுவும் அவள் கைக்குப் போனதும் அதேபோல் செய்தது. அவளிடமிருந்து திரும்பி வந்த மெஷினை இன்னொரு சர்வே ஆளிடம் கொடுத்தோம், அவரிடம் சமர்த்தாக ஓடியது. பரமசிவன் சாருக்கு இதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை.

“மெஷின மாத்தியாச்சு, ஆளு மட்டுந்தான் மாறல. பின்னே குத்தம் எங்கயாக்கும்?” என்று கேட்டார்.

கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

செல்வமேரியை ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். எஸ்டேட்டுக்கு வெளியே அந்தக் குடும்பத்தில் ஒருவர் பார்த்த முதல் வேலை இந்த சர்வேதான். லயங்களில் வயதானவர்களுக்குத் தமிழ்தான் வரும் என்பதால் இவளை எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் குறை ஆளுடையது என்று வந்தால் சர்வேயிலிருந்து நீக்கிவிடுவதாக டிரஸ்டில் அவளிடமே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையிறங்கி, நெடுமங்காடு வழியாக இரண்டு பஸ் மாறி, முகத்தைக் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து நின்றாள்.

பரமசிவன் சார் அவளை ஆபீஸ் நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க, லேப்டாப்பை அடைத்துத் திறந்து காட்டச் சொன்னார். சின்னப் பிள்ளையைச் சிலேட்டோடு நிறுத்துவதுபோல. அவள் இரண்டு கையாலும் மூடியை அடைத்தாள். அவர் திறக்கச் சொல்லும்வரை கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். திறக்கச் சொன்னதும் திறந்தாள். மெஷின் அழகாக விழித்தது. திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பவும் விழித்தது.

“கண்டியா? நம்ம முன்னால இருந்தா எல்லாம் ஒழுங்கா செய்யும்” என்றார் என்னைப் பார்த்து, அவள் அங்கே இல்லாததுபோல.

அவள் மாடிப்படி இறங்கும்போது நான் கூடவே போனேன். என்னதான் செய்தாய் என்று கேட்டேன்.

“நான் வேறொண்ணும் செய்யல மேடம். அடைச்சேன், திறந்தேன். அம்புட்டுதான்” என்றாள். “வேல போச்சுன்னா அம்மா ஒண்ணும் சொல்லாது. ஆனா லயத்துல எல்லாரும் சொல்லுவாங்க, நமக்கு எதுக்கு இந்த கம்ப்யூட்டர்னு.”

அன்று சாயங்காலம்தான் பரமசிவன் சார் அந்த இரண்டு வார்த்தையை எழுதினார்.

4. லயத்தில் பார்த்தது

மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று பரமசிவன் சாரிடம் சொன்னேன். ஒரு ஆளின் கைக்கோளாறுக்காக சிஸ்டம் என்ஜினீயர் மலையேறுவாளா என்று கேட்டார். லீவு போட்டேன். பெண்பிள்ளை தனியாக எஸ்டேட்டுக்குப் போவதா என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது, அதனால் காதில் வாங்கவில்லை.

விதுராவில் செல்வமேரி காத்திருந்தாள். அங்கிருந்து ஜீப். முதல் வீட்டில் அவள் வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். இருவரும் மலையாளமும் தமிழுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டே படிவத்தை முடித்தார்கள். மெஷின் ஒரு முரண்டும் பிடிக்கவில்லை. மற்ற சர்வே ஆட்களுக்கு ஏன் கோளாறு வரவில்லை என்பதையும் வழியில் தெரிந்துகொண்டேன். அவர்கள் வீட்டில் பேப்பரில் குறித்துக்கொண்டு, சாயாக்கடையில் உட்கார்ந்து நிதானமாக ஏற்றினார்கள். வீட்டார் முன்னிலையில் ஏற்ற வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தவள் இவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் தண்டனை.

இரண்டாவது வீடு மாடசாமி என்பவருடையது. வேலையிலிருந்து நின்றுவிட்ட முதியவர். செல்வமேரியின் அப்பாவைத் தெரிந்தவர். எங்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, யாருக்கு என்ன நோய் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த கேள்வி, சமீப வருஷங்களில் வீட்டில் யாராவது இறந்ததுண்டா என்பது.

அவர் தன் மகன் சுடலைமுத்துவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவள் பெயரைப் பாதி டைப் செய்திருப்பாள். அவர் குரல் மாறியது. அவள் சட்டென்று லேப்டாப் மூடியை அடைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல் முற்றி, ஜீப் கிடைக்காமல், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்று அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்தினார். அவள் மூடியைத் திறந்தாள். திரையில் எழுத்து தெரிந்தது. டைப் செய்யக் கையை வைக்குமுன் கறுத்துப்போனது.

விசைகளைத் தட்டினாள். அசைவில்லை. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எப்போதும் செய்வதைச் செய் என்றேன். பவர் பட்டனைத் தொட்டாள், தொட்டு உடனே எடுத்தாள். திரை விழித்தது. அவள் முகத்தில் நிம்மதி வருவதற்குள் டெஸ்க்டாப் தானாகவே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மொத்தமும் அணைந்தது.

படிவம் போயிற்று. இதே வீட்டுக்கு அவள் வருவது இரண்டாம் தடவை என்று அப்போதுதான் தெரிந்தது. போன தடவையும் இதே இடத்தில்தான் போயிருக்கிறது. மாடசாமி எங்களைத் திட்டவில்லை.

“இன்னொரு வாட்டியும் சொல்லணுமா பிள்ளே?” என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மூடியை ஏன் அடைத்தாய் என்று செல்வமேரியைக் கேட்டேன். கேட்ட குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்திருக்க வேண்டும். அவள் நின்றுவிட்டாள்.

“அவரு மகன் போனதச் சொல்லுதாரு. நான் இந்தத் திரையப் பாத்துட்டு இருந்தா, அவரு யாருட்ட சொல்லுவாரு மேடம்?”

பெரியவர்கள் முக்கியமான எதையாவது பேச ஆரம்பித்தால் அடைப்பாள், அவர்கள் நிறுத்தினால் திறப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரியவர் வரும்போது ரேடியோவின் சத்தத்தைக் குறைப்போமே, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவோமே, அதே வழக்கம்தான். எங்கள் ஆபீசில் ஒருவருக்கும், எனக்கும்கூட, இப்படி ஒருவர் அடைக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

5. பாதியில் திறந்த கண்

திரும்பி வந்ததும் வீட்டில் அதே மாடல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அடைப்பதும் திறப்பதுமாக இருந்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது, என் கணவர் பேப்பர் படிக்க முடியாமல் தவித்தார். “ஏன்டி அதைப் போட்டுச் சாத்திச் சாத்தித் தொறக்கறே? கொல்லைக் கதவா அது?” என்றார். சாத்தி நிதானமாகத் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. சாத்திய கையோடு திறந்தால் செத்தது. திரும்பத் திரும்பச் செத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. கோளாறைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நடந்தது இதுதான். மூடியை அடைத்த கணமே மெஷின் தூங்கிவிடாது. நெட்வொர்க்கை ஓட்டும் டிரைவர் மென்பொருளைக் கழற்ற வேண்டும், டிஸ்குக்குப் போக வேண்டியதை அனுப்ப வேண்டும், கடைசியாக எழுத்துத் திரைக்குத் தாவி வீடியோ நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாலைந்து மூச்சு விடும் நேரம் பிடிக்கும். அதற்குள் மூடியைத் திறந்துவிட்டால்? தூங்கப் போகிறவன் கடைசியாக ஒரு தடவை மூடி இன்னும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. எடுத்த வேலையை முடித்தே தீருவேன் என்று, திறந்த மூடியோடு தூங்கிப்போனது. அதை எழுப்பும் வழி இரண்டு: மூடியைத் திறப்பது, பவர் பட்டன். மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறது, இனி திறக்க ஒன்றுமில்லை. விசைகளுக்கு எழுப்பும் அதிகாரம் கிடையாது. மிஞ்சியது பவர் பட்டன். அமுக்கினால் விழிக்கும். ஆனால் விழித்தவுடன் டெஸ்க்டாப் அதே அமுக்கலை ‘மெஷினை அணை’ என்ற உத்தரவாகவும் எடுத்துக்கொண்டு பணிவோடு அணைத்துவிடும்.

அந்த ஸ்கிரிப்டில் நான் சேர்த்த வரிகளும் உண்டு, அவையும் நேரத்தை நீட்டின. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறைத்தால்தான் வெட்கம்.

திருத்தம் சிறியது. மூடியை அடைத்தபின் ஸ்கிரிப்ட் சற்றுப் பொறுக்க வேண்டும். தூங்கும் கடைசிக் கணத்தில் மூடியின் நிலையைத் திரும்பக் கேட்க வேண்டும். திறந்திருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்ப வேண்டும். விழித்தவுடன் வரும் பவர் பட்டன் அமுக்கலைக் கொஞ்ச நேரம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தோம்.

6. எதற்கு மாற்ற வேண்டும்

பரமசிவன் சாரிடம் எல்லாவற்றையும் விளக்கி, ரிப்போர்ட்டை மாற்றித் தரச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

“சரியாக்கியாச்சுல்லா? நல்ல காரியம். பின்னே ரிப்போர்ட்ட எதுக்கு மாத்தணும்? மாத்துனா நம்ம மெஷின் மோசம்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆவும். அடுத்த ஆர்டரு இவங்கள்ட்டதான் இருக்கு, கேட்டியா.”

அவள் வேலை போய்விடுமே என்றேன். அடைத்தால் அடைக்க வேண்டும், திறந்தால் திறக்க வேண்டும், விளையாட்டுப் பொருள் மாதிரிப் பாதியில் திறந்தால் எந்த மெஷின்தான் தாங்கும் என்றார். யூசர் அப்படிச் செய்யக்கூடாது என்று மேனுவலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஒருவர் தன் மகன் செத்ததைச் சொல்லும்போது மூடியை அடைக்காதே என்று மேனுவலில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் போன் வந்ததுபோல் எழுந்து போனார்.

சர்வே லேப்டாப்களை ஒவ்வொன்றாக வரவழைத்துத் திருத்தத்தைப் போட்டேன். அவருடைய லேப்டாப்பையும் கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். வாங்கின நாள் முதல் தம் மெஷின் ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை, நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்றார்.

7. டாக்டரம்மா வந்தபோது

டிரஸ்ட் ஆபீசில் ரிவ்யூ மீட்டிங். அடுத்த ஆர்டருக்கான ப்ரசன்டேஷனைத் தம் லேப்டாப்பில் தயாராக வைத்திருந்தார் பரமசிவன் சார். நான் அவர் பக்கத்து நாற்காலியில். செல்வமேரியையும் விளக்கம் கேட்க அழைத்திருந்தார்கள். பின்வரிசையில், கதவோரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அனுப்பாதது தெரிந்து, பூட்டி வைத்திருந்த தாளுக்கு ஒரு நகலைப் பரமசிவன் சாரே எழுதிக்கொண்டு வந்திருந்தார் என்பது அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரியும்.

டிரஸ்டின் செயலர் ஒரு ஓய்வு பெற்ற டாக்டர். எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். கொஞ்சம் தாமதமாக உள்ளே வந்தார். அறையே எழுந்தது. பரமசிவன் சாரும் லேப்டாப்பைப் பட்டென்று அடைத்துவிட்டு எழுந்து, கைகூப்பி வணங்கினார். டாக்டரம்மா உட்காரும்படி கைகாட்டினார். எல்லோரும் உட்கார்ந்தோம். பரமசிவன் சார் மூடியைத் திறந்தார்.

முதல் ஸ்லைடு ஒரு கணம் தெரிந்தது. பிறகு கறுப்பு.

விசைகளைத் தட்டினார். அசைவில்லை. சிரித்தபடி பவர் பட்டனைத் தொட்டார். திரை விழித்தது, ஸ்லைடு தெரிந்தது, தெரிந்த கையோடு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அணைந்தது. அந்தத் திரையை நான் மாடசாமி வீட்டில் பார்த்திருக்கிறேன். பின்வரிசையில் செல்வமேரியும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்ன ஒரு டெக்னிக்கல் இஷ்யூ மேடம், இப்ப சரியாயிரும்” என்றார் அவர்.

அவள் கையில் நடந்தால் மிஸ்ஹேண்ட்லிங், இவர் கையில் நடந்தால் டெக்னிக்கல் இஷ்யூ.

“சார், இதை என்னன்னு எழுதறது?” என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். உயர்த்தினேன் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மா திரும்பினார். என்ன விஷயம் என்று கேட்டார். லயத்தில் பார்த்ததையும், வீட்டில் கண்டுபிடித்ததையும், திருத்தம் போட்டதையும், இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் போடாததையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பரமசிவன் சாரிடம் மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் உள்ளே வரும்போது நீங்கள் எதற்காக மூடியை அடைத்தீர்கள்?

“அது... மேடம் வரும்போ, ஒரு மரியாதைக்கு” என்றார் பரமசிவன் சார்.

டாக்டரம்மா பின்வரிசையைப் பார்த்து, செல்வமேரியை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். அவள் வேலை போகவில்லை. ரிப்போர்ட்டை நானே மறுபடி எழுதினேன்: மென்பொருள் பிழை, திருத்தப்பட்டது. பரமசிவன் சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். செல்வமேரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன், பிறகும் பலமுறை கேட்டேன். கடைசிவரை சொல்லவில்லை. அதை நான் மன்னித்ததும் இல்லை.

அவருடைய லேப்டாப் அதுவரை ஏன் கெடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆபீசில் அவர் மூடியை அடைத்துவிட்டுப் பேச வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. நாங்களும் அப்படித்தான் டெஸ்ட் செய்தோம், எதிரில் ஒருவரும் இல்லாமல். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு கோளாறு ஒருவர் கையில் மட்டும் வருகிறது என்றால், அந்தக் கை என்ன செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று போய்ப் பாருங்கள். பார்க்காமல் அவர் பெயரை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

திருத்தம் போட்ட லேப்டாப்போடு செல்வமேரி மாடசாமி வீட்டுக்குத் திரும்பப் போனபோது நானும் போனேன். மூன்றாவது தடவை கேட்க வேண்டியிருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாயா போட்டார். கேள்விகள் வரிசையாக வந்தன. அந்தக் கேள்வி வந்ததும் அவள் பெயரை டைப் செய்ய ஆரம்பித்தாள், அவர் குரல் மாறியது, அவள் மூடியை அடைத்தாள். இந்தத் தடவை அவர் நிறையப் பேசினார். பையனுக்கு என்ன பிடிக்கும், எப்படிப் பாடுவான் என்றெல்லாம் சொன்னார். நடுவில் நிறுத்துவார், அவள் திறப்பாள். விரலை வைக்குமுன் அவர் மறுபடி தொடங்குவார், அவள் மறுபடி அடைப்பாள். படிவத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அவள் அவசரப்படவில்லை.

அவர் முடித்ததும் திறந்தாள். திரையில் ‘சுடலை’ என்று பாதிப் பெயர் இருந்தது. மீதியை டைப் செய்தாள்.